உப்புவெளிப் பழரசக் கடைக்கு ஒரு துள்ளல் எழுத்து

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். திருகோணமலை உப்புவெளியில் நீங்களும் தங்கச்சியும் சேர்ந்து ஒரு பழரசக் கடை திறக்கப் போகிறீர்கள். கையால் வரைந்த மாதிரி, கொஞ்சம் துள்ளலாக, சின்னப் பிள்ளைகளுக்கும் பிடிக்கிற ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும். பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், கோப்பையில் ஒட்டும் ஸ்டிக்கர், பேஸ்புக் பக்கம் எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா என்று கேட்கிறீர்கள். எழுத்துருக்களின் பெயர்களைக் கீழே சொல்கிறேன். அதைவிட முக்கியம் நீங்கள் கடைசியாகக் கேட்டது: ஒரே எழுத்தை எல்லா இடத்திலும் போட்டால் தாங்குமா? நான் வடிவமைப்புப் படித்துவிட்டு, திருகோணமலையில் பல வருடமாகப் பலகை, மெனு, கலியாணக் கார்ட் என்று எழுத்தோடேயே இருப்பவன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், துள்ளல் எழுத்து கடையின் பெயரையும் இன்னும் நாலைந்து சொற்களையும் மிக வடிவாகத் தாங்கும். விலைப்பட்டியலை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

துள்ளல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்காமல் ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே நிற்கும். ஒன்று இடப்பக்கம் சாயும், அடுத்தது நிமிரும். கோட்டின் முனைகள் வெட்டுப்படாமல் உருண்டு முடியும். தடிப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறையும். இவ்வளவும் தற்செயல் போலத் தெரிய வேண்டும், ஆனால் வரைந்தவர் ஒவ்வொன்றையும் அளந்துதான் செய்திருப்பார். அந்த அளவு தவறினால் துள்ளல் போய்த் தள்ளாட்டம் ஆகிவிடும். நல்ல துள்ளல் எழுத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் சொல்லை அதில் அடித்துப் பாருங்கள். ‘அம்மம்மா’ என்று அடியுங்கள். நாலு ‘ம’வும் ஒரே சாய்வு, ஒரே கோணல், ஒரே தடிப்பு என்று அச்சுக் குத்தினமாதிரி வந்தால் கையெழுத்து என்ற மயக்கம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். எந்தக் கையும் நாலு ‘ம’வை ஒரேமாதிரி எழுதாது. ஆங்கிலத்தில் இதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வடிவம் வரைந்து, அவை தாமாக மாறி மாறி வரும்படி எழுத்துருவுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். தமிழில் ‘கு, கூ, சு, சூ’ வரிசைகளில் ஒவ்வொன்றும் தனித் தனி வடிவம் என்பதால் ஒரு முறை வரைந்து முடிப்பதே பெரிய வேலை. இரண்டாம் முறை வரைய ஆளில்லை, காசும் இல்லை. ஆகவே தமிழில் இந்த வசதியை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே எழுத்து அடுத்தடுத்து வராத பெயராக உங்கள் கடைக்கு வாய்த்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

இந்த வகை எழுத்து ஏன் அதிகம் திட்டு வாங்குகிறது என்பதற்கு கொமிக் சான்ஸ் என்ற ஆங்கில எழுத்துருவின் கதை நல்ல உதாரணம். 1994இல் மைக்ரோசொப்டில் வின்சென்ட் கொனேர் அதை வரைந்தார். பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்குமான ஒரு மென்பொருளில், ஒரு கேலிச்சித்திர நாய் பேசும் பலூனுக்குள் பத்திரிகை எழுத்தைப் போட்டிருந்ததைக் கண்டு, இது பொருந்தாது என்று சித்திரக்கதை எழுத்துப் பாணியில் அவர் வரைந்தது அது. நாயின் வாய்க்கு அது சரியான எழுத்து. பிறகு உலகம் முழுக்க அலுவலக அறிவித்தல், எச்சரிக்கைப் பலகை என்று எல்லாவற்றிலும் ஏற்றியபோதுதான் ஆட்கள் அதை வெறுக்கத் தொடங்கினார்கள். அதை வரைந்தவர் கையில் குற்றமில்லை, வைத்த இடம்தான் பிழை என்பது என் கருத்து. இன்னொன்று, அதில் தமிழ் எழுத்துகளே இல்லை. அதைத் தெரிவுசெய்துவிட்டுத் தமிழில் அடித்தால் உங்கள் கணினி சத்தமில்லாமல் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற லதா, நிர்மலா போன்ற சாதாரணத் தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொண்டுவந்து போடும். இணையத்தில் தேடிப் பிடிக்கிற ‘துள்ளல்’ எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுதான். முன்பக்கப் படத்தைப் பார்த்து ஏமாறாமல் உங்கள் கடைப் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

அடுத்தது தமிழுக்கே உரிய சோதனை. இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், பிற்பாடு பலகையைக் கழற்றித் திருத்துவதைவிட இது லேசு. துள்ளல் எழுத்துகள் பொதுவாகத் தடிப்பானவை. தடிப்புக் கூடக் கூட எழுத்துக்குள் இருக்கிற வெள்ளை இடம் அடைபடும். தமிழில் பொருள் தங்கியிருப்பது பல இடங்களில் அந்தச் சின்ன வெள்ளையில்தான். ஒற்றைக்கொம்பு ‘ெ’யையும் இரட்டைக்கொம்பு ‘ே’யையும் பிரிப்பது மேலே இருக்கிற ஒரு சுழி. அது அடைபட்டால் உங்கள் ‘தேன்’ தூரத்தில் ‘தென்’ ஆகும், ‘தோடம்பழம்’ ‘தொடம்பழம்’ ஆகும். ஓலையில் எழுதிய காலத்தில் எகர ஏகார வேறுபாட்டைப் புள்ளிதான் காட்டியது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிடுவார்கள், வாசிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்த இந்த மேல் சுழி அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. தடித்த எழுத்துரு ஒன்றைக் கவனமில்லாமல் தெரிவுசெய்தால் நாங்கள் திரும்பவும் ஓலைக்காலத்துக் குழப்பத்துக்கே போய்விடுவோம்.

அதேபோல மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும். ‘குளிர்பானம்’ என்ற சொல்லை எழுத்துருவில் அடித்து, திரையை மூன்று நாலு மீற்றர் தள்ளி வைத்துப் பாருங்கள். ‘குளிர்பாணம்’ என்று தோன்றினால் அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள். அரவு ‘ா’வும் ‘ர’வும் இன்னொரு இடம். விளையாட்டாக வரைபவர்கள் ‘ர’வின் கீழ்க்கோட்டைச் சுருக்கி அழகு பார்ப்பார்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். ‘அன்னாசி’ இதற்கு நல்ல சோதனைச் சொல். இரண்டு ‘ன’, பிறகு ஓர் அரவு, நெருக்கமாக நிற்கும் செங்குத்துக் கோடுகள். அவற்றுக்கிடையில் காற்று போக இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கடையில் அடிக்கடி எழுத வேண்டிய ‘பழம்’ என்ற சொல்லையே எடுங்கள். ‘ப’ மேலே திறந்த ஒரு பெட்டி. ‘ம’வும் அதே சட்டகத்தில் வலப்பக்கம் வளைந்தது. ‘ழ’வும் அந்தச் சட்டகத்தில்தான் பிறக்கிறது, கீழே ஒரு கொக்கி கூடுதல். மூன்று எழுத்தும் ஒரே உடலைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரணப் பாட எழுத்தில் கண் இதைப் பிரித்துப் படித்துவிடும். துள்ளல் எழுத்தில் மூன்றும் உருண்டு, மூலைகள் மழுங்கி, ‘ழ’வின் கொக்கி குட்டையாகிவிட்டால் ‘பமம்’ என்றோ ‘பமும்’ என்றோ தடுமாற வேண்டிவரும். நல்ல எழுத்தோவியர் இங்கே என்ன செய்வார் என்றால், ‘ப’வின் கீழ் மூலையில் கொஞ்சம் கூர்மையை விட்டுவைப்பார், ‘ம’வின் வளைவைப் பெரிதாக்குவார், ‘ழ’வின் கொக்கியைத் துணிந்து கீழே இறக்குவார். நான் ஒரு புதிய தமிழ் எழுத்துருவைத் திறந்தால் முதலில் அடித்துப் பார்ப்பது இந்தச் சொல்லைத்தான்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துள்ளல் எழுத்துகளில் புள்ளியை இதயமாக, நட்சத்திரமாக, குட்டி வளையமாக வரைவது வழக்கம். இதயம் வேண்டாம் என்று நான் சொல்வது ரசனைக்காக இல்லை. புள்ளி பெரிதானால் பக்கத்தில் வரும் ‘கி’யின் வளைவோடு முட்டும், சிறிதானால் தூரத்தில் காணாமல் போகும். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அக்ரிலிக்கில் எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டும் பலகையில் புள்ளி தனித் துண்டு. சின்னத் துண்டு, சின்ன ஒட்டு. எங்கள் கடற்காற்றிலும் வெயிலிலும் முதலில் விழுவது அதுதான். ‘கடல்’ என்று எழுதியது ‘கடல’ ஆகி நிற்கும். அப்படி வெட்டித்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் பின்னால் ஒரு தட்டு வைத்து எல்லாத் துண்டையும் அதில் பொருத்தச் சொல்லுங்கள். அல்லது புள்ளி எழுத்தோடு தொட்டு நிற்கும்படி வரையச் சொல்லுங்கள். பார்க்கவும் துள்ளலாகத்தான் இருக்கும்.

சரி, பெயர்கள். இலவசமாக, வியாபாரத்துக்கும் பயன்படுத்தக்கூடிய உரிமத்தோடு கூகிள் எழுத்துருத் தளத்தில் கிடைப்பவற்றிலிருந்து சொல்கிறேன். பலூ தம்பி 2 தடித்த, உருண்டையான, நல்ல மனநிலையில் இருக்கிற எழுத்து. ஐந்து தடிப்புகளில் வருவதால் பலகைக்குத் தடித்ததும் சின்ன இடத்துக்கு மெலிந்ததும் எடுக்கலாம். கொம்பும் சுழியும் திறந்திருக்கின்றன. உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காய்னி இன்னும் கொழுத்தது, ஒரே தடிப்பில் மட்டும் வரும், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் எடுக்க வேண்டாம். கவிவனர் வேறு ரகம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்தது, சாய்ந்து ஓடும் கையெழுத்துச் சாயல். தூரத்துப் பலகைக்கு மெலிவு, ஆனால் ‘இன்று செவ்விளநீர் உண்டு’ என்று கறுப்புப் பலகையில் எழுதிய மாதிரி ஒரு வரிக்கு அருமையாகப் பொருந்தும். அரிமா (முன்பு அரிமா மதுரை) மென்மையானது, முனைகள் வளைந்து முடியும். துள்ளலைவிட நளினம் கூடியது என்பதால் அதை ஒரு நல்ல சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பேன், பழரசத்துக்குக் கொடுக்க யோசிப்பேன். இந்த ஒப்பீடுகளில் சுழி திறந்திருக்கிறது, எத்தனை தடிப்பு உண்டு என்பவை யாரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. எது எந்தக் கடைக்குப் பொருந்தும் என்பது என் ரசனை, நீங்கள் மறுக்கலாம்.

வேறு தளங்களில் ‘சொந்தப் பாவனைக்கு இலவசம்’ என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள். கடை வியாபாரம், அது சொந்தப் பாவனையில் சேராது. பெயரில் ‘ஜூஸ்’ வருமென்றால் ‘ஜூ’வும் ‘ஸ்’ஸும் எழுத்துருவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரந்த எழுத்துகளை அரைகுறையாக விட்ட எழுத்துருக்கள் இருக்கின்றன.

அச்சகத்துக்குப் போகும்போது இன்னொரு பூதம் வரும், அது பாமினி. எங்கள் நாட்டு அச்சகங்களில் இன்றும் பழைய பாமினி முறையில் அமைந்த அலங்கார எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன, சில மிக வடிவானவை. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். நீங்கள் போனில் யுனிகோட்டில் அடித்து அனுப்பியதை அதில் ஒட்டினால் வராது, மாற்றி எடுக்க வேண்டும். மாற்றும்போது எழுத்துகள் விழலாம் என்பதால் மாற்றியதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். மறுபக்கம், யுனிகோட் எழுத்தைப் பழைய போட்டோஷொப்பில் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ உடைந்து சிதறும். அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். எல்லாம் சரி என்று கண்ட பிறகு எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடுகளாக, மாற்றி பீடிஎஃப் ஆக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது. பலகையில் மிச்ச இடம் இருக்கிறதே என்று எழுத்தை அகலமாக இழுக்க விடாதீர்கள். இழுத்தால் செங்குத்துக் கோடு தடிக்கும், படுக்கைக் கோடு அப்படியே இருக்கும், வரைந்தவர் பார்த்துப் பார்த்து வைத்த தடிப்பெல்லாம் குலையும்.

ஸ்டிக்கரைப் பொறுத்தவரை, தூரிகை உலர்ந்து இழுத்த மாதிரி ஓரம் கரடுமுரடான எழுத்தைத் தவிருங்கள். அச்சில் அது அழகு. பிளாட்டரில் கத்தியால் வெட்டும்போது அந்த ஓரத்தில் இருக்கிற ஆயிரம் சின்னப் பல்லையும் கத்தி சுற்றிவர வேண்டும், ஸ்டிக்கர் கிழியும், உரித்தெடுப்பவர் உங்களைச் சபிப்பார். நிறத்தில் சிவப்பை மட்டும் நம்பி நிற்காதீர்கள். இங்கே பிளெக்ஸ் பலகைகளில் சிவப்புத்தான் முதலில் வெளிறிப்போவதைக் காண்கிறேன்.

எழுத்தின் உயரத்துக்குப் பலகை செய்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: வசதியாக வாசிக்க 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. நிலாவெளி வீதியின் மறுபக்கத்திலிருந்து, ஏறக்குறைய 50 அடியிலிருந்து வாசிக்க வேண்டுமென்றால் 5 அங்குலம். அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்கானது. தமிழுக்கு நான் அதை ஒன்றரை மடங்காக்கி 7, 8 அங்குலம் வைப்பேன், அதுவும் கொம்பையும் சுழியையும் சேர்க்காமல் எழுத்தின் உடம்பை மட்டும் அளந்து. ஒன்றரை என்பது என் கண் சொல்லும் அளவு. செய்வதற்கு முன் கடதாசியில் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, வீதியின் மறுபக்கம் போய் நின்று பாருங்கள். மெனுவில் கடைப் பெயரும் ‘பழரசம்’, ‘ஐஸ்கிரீம்’ போன்ற பிரிவுத் தலைப்புகளும் துள்ளட்டும். பழங்களின் பெயர், விலை, தொலைபேசி எண், பாலும் கச்சானும் (நிலக்கடலை) சேர்ந்த பானம் எது என்ற குறிப்பு எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய் அந்த வரியைத் தேடித் தடுமாறக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் இடத்துக்கு அவசியமானது. பலகையில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் வரும். தமிழ் துள்ள, சிங்களம் அரசாங்கக் கடிதம் மாதிரி நின்றால், அல்லது மறுபுறமாக இருந்தால், ஒரு மொழிக்காரரை வாசலுக்குள் அழைத்து மற்றவரை வெளியே நிறுத்தின மாதிரி ஆகும். மூன்று சமூகமும் ஒரே கடற்கரைக்கு வரும் ஊரில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க என்னால் முடியாது. பலூவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்த மாதிரி வரும், சிங்களம் இல்லை. கொழும்பில் இயங்கும் மூனியாக் குழுவின் போஸ்ட் நோ பில்ஸ் என்ற எழுத்துரு தமிழுக்கு ஜஃப்னா, சிங்களத்துக்குக் கொழும்பு என்று இரண்டு வடிவில் இருக்கிறது. தகட்டில் வெட்டி நிறம் தெளித்த மாதிரி, கோடுகள் இடையில் அறுந்து நிற்கும். உருண்டைத் துள்ளல் இல்லை, தெருவின் துள்ளல். மூன்று மொழியும் ஒரே குரலில் கதைக்க வேண்டுமென்றால் அதை ஒருதரம் போட்டுப் பாருங்கள். சிங்களத்தை நான் வாசிப்பேன், வரைய மாட்டேன். அந்த வரி சரியாக அமைந்திருக்கிறதா என்று சிங்களத்தில் எழுதிப் பழகிய ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, உங்களுக்குத் துள்ளல் தேவைப்படுவது கடைப் பெயருக்கு மட்டும் என்று ஆனால் எழுத்துரு வாங்கவோ தேடவோ தேவையே இல்லாமல் போகலாம். உப்புவெளிக் கரையில் ஏற்றி வைத்திருக்கிற பைபர் படகுகளின் பெயர்களைப் போய்ப் பாருங்கள். இனாமல் பெயின்ரும் தூரிகையும் வைத்து, படகின் வளைவுக்கு ஏற்ப எழுத்தை ஒடுக்கியும் விரித்தும் எழுதியிருப்பார்கள். இரண்டு ‘ம’ வந்தால் இரண்டும் இரண்டு விதமாக இருக்கும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அப்படி எழுதுகிற ஒருவரைப் பிடித்து உங்கள் பெயரை மூன்று நாலு விதமாகக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். அதற்கு உரிய கூலியைக் கொடுங்கள், கோப்பையிலும் இணையத்திலும் பாவிக்கப் போகிறீர்கள் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தங்கச்சிக்குப் பிடித்ததை வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து, கணினியில் கோட்டுருவாக்கினால் பலகைக்கும் ஸ்டிக்கருக்கும் பேஸ்புக்குக்கும் அதுவே போதும். வெட்டும் ஸ்டிக்கருக்குக் கொடுக்க முன் ஓரத்தை மட்டும் கொஞ்சம் மழுக்கிவிடச் சொல்லுங்கள்.